காலி பேரலை அறுக்கும் முன்...

நம் கடைகளின் பின்கட்டிலோ, கிட்டங்கி ஓரத்திலோ நாலைந்து காலி பேரல்கள் உருண்டு கிடக்காத மளிகைக் கடை அபூர்வம். எண்ணெய் வந்த பேரல், மண்ணெண்ணெய் வந்த பேரல், எங்கிருந்தோ விலைக்கு வாங்கிப் போட்ட பேரல் என்று அவற்றில் பல ஜாதி உண்டு. தண்ணீர்த் தொட்டிக்கு ஒருவர் கேட்பார். குப்பை போட ஒருவர் கேட்பார். டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவப் பாதி பேரல் போதும் என்பார். நாமும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு இடத்தைக் காலி செய்வோம். மூடியை எடுக்க வேண்டுமானால் பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஐந்து நிமிட வேலை. இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வணிக நண்பர்கள் நினைக்கலாம். 1994ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று எங்கள் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் ஒரு பேரல் கேட்டார். பின்கட்டில் இருந்ததில் நல்லதாக ஒன்றைக் காட்டினேன். தெருமுனைப் பட்டறையில் வேலை பார்த்த பையன் வந்து உருட்டிக்கொண்டு போனான். பத்தொன்பது வயது இருக்கும். போகும்போது, “அண்ணாச்சி, இதில் என்ன இருந்தது?” என்று கேட்டான். நான் கணக்கு நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே, “எண்ணெய்தான் தம்பி” என்றேன். கால் மணி நேரம் கழித்துக் கேட்ட சத்தத்தில் கல்லாப்பெட்டி மேலிருந்த தராசுத் தட்டு ஆடியது.

பேரலின் அடித்தகடு கழன்று பறந்து எதிர்ச் சுவரில் செருகி நின்றது. பையனுக்கு வலது முன்கை இரண்டு இடத்தில் முறிந்தது. புருவம் கருகியது. ஒரு காதில் கேட்கும் சக்தி திரும்பவே இல்லை. அந்தப் பேரல் நாங்கள் எண்ணெய் வாங்கிய பேரல் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. மொத்தமாக விலைக்கு வாங்கிய பழைய பேரல்களோடு கலந்து வந்தது. அதில் இருந்தது பெயிண்டுக்குக் கலக்கும் தின்னர். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்திருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்கும். அவன் கேட்டான், நான் பார்க்காமல் பதில் சொன்னேன். வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டதால் அந்தக் கணக்கு தீர்ந்ததாக நான் சொல்ல மாட்டேன்.

நிரம்பிய பேரலைவிடக் காலி பேரலுக்கே பயப்பட வேண்டும்

சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் எல்லாம், “காலி பேரல்தானே, எப்படி வெடிக்கும்?” என்றுதான் கேட்டார்கள். காலியாக இருந்ததுதான் காரணம் என்பதைப் பட்டறை உரிமையாளர் விளக்கியபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பெட்ரோலோ தின்னரோ திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவியும் காற்றோடு ஒரு குறிப்பிட்ட அளவில் கலந்தால்தான் பற்றும். பெட்ரோலுக்கு அந்த அளவு காற்றில் நூற்றுக்குச் சுமார் ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை. அதற்குக் குறைந்தாலும் பற்றாது, மிஞ்சினாலும் பற்றாது. நிரம்பிய பேரலில் காற்றுக்கு இடமில்லை. காலி செய்த பேரலிலோ காற்று முழுவதும் புகுந்துவிடுகிறது. ஓரத்தில் ஒட்டிய மிச்சம் ஆவியாகி அதோடு கலக்கிறது. சரியான கலவையை நாமே தயார் செய்து மூடி போட்டு வைத்தது போல ஆகிவிடுகிறது.

எவ்வளவு மிச்சம் இருந்தால் இது நடக்கும்? வியாபாரிகளுக்குக் கணக்குச் சொன்னால்தான் மனதில் நிற்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆவி கிடைக்கும். நம் பேரலின் கொள்ளளவும் சுமார் 200 லிட்டர்தான். அதில் ஒன்றரைப் பங்கு என்றால் 3 லிட்டர் ஆவி. அதற்குத் தேவையான திரவம் 15 மில்லி. அதாவது, இருமல் மருந்துக் குப்பியோடு வரும் சிறு மூடியில் ஊற்றுகிற அளவு. பேரலைக் கவிழ்த்து வடிய வைத்தாலும் இந்த அளவு உள்விளிம்பு மடிப்பில் தங்கிவிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால், இரண்டு நாள் மூடியைத் திறந்து போட்டாலும் தானாக எழுந்து வெளியே போய்விடாது; அடியிலேயே படுத்துக் கிடக்கும்.

இனி அழுத்தக் கணக்கு. பேரலின் அடித்தகடு சுமார் 57 சென்டிமீட்டர் குறுக்களவு. பரப்பு 2,550 சதுர சென்டிமீட்டர். உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரே ஒரு கிலோ அழுத்தம் ஏறினாலும் அந்தத் தகட்டின் மேல் இரண்டரை டன் பாரம் உள்ளிருந்து தள்ளுகிறது. இத்தகைய கலவை மூடிய இடத்தில் பற்றினால் அழுத்தம் அதைப்போல் பல மடங்கு ஏற முயலும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகடு என்ன செய்யும்? தையல் விட்டுப் பறந்துவிடும்.

எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபாடு

எல்லாப் பேரலும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய்ப் பேரலைக் கண்டும் ஓடத் தொடங்கிவிடுவோம். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், ஆவி தீப்பற்றும் வெப்பநிலையை வைத்து இவற்றை வகுப்பு பிரித்திருக்கிறது. 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பற்றுபவை முதல் வகுப்பு. பெட்ரோல் அதில் சேரும். அது பூஜ்யத்துக்கும் நாற்பது டிகிரி கீழேயே பற்றக்கூடியது. 23 முதல் 65 டிகிரிக்குள் பற்றுபவை இரண்டாம் வகுப்பு. மண்ணெண்ணெயும் டீசலும் இங்கே. பெயிண்ட் தின்னரும் சாராயமும் நம் ஊர் சாதாரண வெயிலிலேயே பற்றுகிற ஆவியை விடுபவைதான்.

மண்ணெண்ணெய் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தரையில் கொட்டிய மண்ணெண்ணெயில் தீக்குச்சியைப் போட்டால் சில சமயம் குச்சி அணைந்துவிடும். அதை நம்பி, “மண்ணெண்ணெய்ப் பேரல் ஒன்றும் செய்யாது” என்பார்கள். ஆனால் சித்திரை வெயிலில் கிடந்த பேரல் தகட்டில் கை வைத்துப் பாருங்கள். உள்ளே ஆவி கிளம்பப் போதுமான சூடு வெயிலே தந்துவிடுகிறது. அதன்மேல் கேஸ் கட்டிங் நெருப்போ, கிரைண்டர் சூடோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சமையல் எண்ணெய் வகைகள் சுமார் 300 டிகிரிக்குப் போனால்தான் பற்றும் ஆவியை விடும். ஆகவே கிரைண்டர் பொறிக்கு அவை சுலபத்தில் அசையாது. ஆனால் கேஸ் கட்டிங் வைத்து அறுத்தால், உள்ளே ஒட்டிய கசடு வெந்து புகையாகும். அந்தப் புகையும் பற்றக்கூடியது. அதனால் கடலை எண்ணெய்ப் பேரலானாலும் கழுவாமல் நெருப்பு வைக்கக் கூடாது. கழிவுப்பாகு வந்த பேரல் இன்னொரு ரகம். உள்ளே புளித்து வாயு சேர்ந்து மூடி உப்பி நிற்கும். அத்தகைய பேரலின் திருகு மூடியை முகத்தை விலக்கி, கால் சுற்றாக மெதுவாகத் தளர்த்தி, சீறல் அடங்கிய பின்பே கழற்ற வேண்டும். மேல்நாடுகளில் பீர் அடைத்து வரும் சிறிய எஃகுப் பீப்பாய்களை வீட்டு உபயோகத்துக்கு அறுக்கிறவர்களுக்கும் முதல் பாடம் இதுதான்: அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றாமல் தகட்டைத் தொடக்கூடாது.

பூச்சிமருந்து வந்த பேரலையும் டின்னையும் பற்றி ஒரே வரி. அவற்றை எந்த உபயோகத்துக்கும் வெட்ட வேண்டாம், விற்கவும் வேண்டாம். மறுபடி பயன்படாதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு பூச்சிமருந்து விதிகளிலேயே வந்துவிட்டது. காலாவதியான கேஸ் சிலிண்டரை அறுத்து அடுப்புச் செய்கிற வேலையையும் நம் கடைப்பக்கம் அண்டவிடாதீர்கள்.

பட்டறையில் நடப்பது என்ன?

பேரல் அறுப்பதில் மூன்று வழிகள் வழக்கத்தில் உண்டு. கேஸ் கட்டிங், கிரைண்டர், உளியும் சுத்தியலும். முதல் இரண்டும் நெருப்பு வேலை. கிரைண்டரில் நெருப்பு இல்லையே என்று பலர் நினைக்கிறார்கள். அதிலிருந்து கொட்டுகிற பொறி ஒவ்வொன்றும் எரிகிற இரும்புத் துணுக்கு. அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகளில், இத்தகைய வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் எரியும் பொருள் இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நம் பின்கட்டில் 35 அடிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது? சணல் சாக்கு, அட்டைப்பெட்டி, வற்றல் மூட்டை, கற்பூரம், தீப்பெட்டிப் பண்டல். ஆகவே கடை வளாகத்துக்குள் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது. திறந்தவெளியில் நடந்தாலும் வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஒரு ஆள் அங்கே நின்று பார்க்க வேண்டும். சாக்குக்குள் விழுந்த பொறி உடனே எரிவதில்லை. எல்லோரும் சாப்பிடப் போன பிறகுதான் எரியும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, தீப்பற்றும் பொருள் இருந்த எந்தக் கலத்தையும், அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் நீக்காமல் சூடு வைத்து வெட்டவோ பற்றவைக்கவோ கூடாது என்று சொன்னது. தெருமுனைப் பட்டறைக்கு யார் போய் அதைப் படித்துக் காட்டினார்கள்? பெரிய ஆலைகளிலேயே தவறுகிறார்கள். 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் பஃபலோ நகரில் டூபாண்ட் ஆலையில் ஒரு தொட்டியின் மேல் வெல்டிங் செய்தபோது வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார். தொட்டிக்கு மேலே காற்றைச் சோதித்தவர்கள், தொட்டிக்கு உள்ளே சோதிக்கவில்லை. அதே ஆண்டு அந்நாட்டு ரசாயன விபத்து விசாரணை வாரியம் வெளியிட்ட குறிப்பில், 1990க்குப் பிறகு தொட்டிகளில் நெருப்பு வேலை செய்ததில் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்ததாகச் சொல்லியிருந்தது.

அறுத்தே ஆக வேண்டுமானால்

முதலில், அறுக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். மூடி முழுவதும் கழன்று வரும், வளையம் போட்டு இறுக்குகிற பேரல்கள் சந்தையில் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் டிரம் கிடைக்கிறது. கூலி, அலைச்சல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெரிய லாபம் ஒன்றுமில்லை.

பெட்ரோல், தின்னர், சாராயம், பெயர் தெரியாத ரசாயனம் வந்த பேரல் என்றால் நாமும் தொடக்கூடாது, தெருமுனைப் பட்டறைக்கும் கொடுக்கக்கூடாது. நீராவி பாய்ச்சிச் சுத்தம் செய்து, கருவி வைத்து ஆவியைச் சோதிக்கிற வசதி உள்ளவர்களின் வேலை அது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி அலசிவிட்டால் போதும் என்பது பெரிய தவறு. எண்ணெய்ப்பசை தண்ணீரில் போகாது. மடிப்பிலும் துருவிலும் ஒளிந்திருந்து சூடு பட்டவுடன் வெளியே வரும். மூக்கை நம்புவதும் ஒரு பக்கத்துக்குத்தான் உதவும். வாசனை அடித்தால் ஆபத்து என்பது நிச்சயம். அடிக்காவிட்டால் ஆபத்தில்லை என்பதற்கு எந்த நிச்சயமும் இல்லை.

சமையல் எண்ணெய் வந்தது என்று திட்டமாகத் தெரிந்த பேரலைப் பற்றி மட்டும் இனிச் சொல்கிறேன். பெரிய திருகு மூடி, சிறிய திருகு மூடி இரண்டையும் கழற்றி, செங்கல் மேல் கவிழ்த்து நன்றாக வடிய விடவும். பிறகு வெந்நீரில் நம் கடையிலேயே இருக்கிற சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, படுக்கவைத்து உருட்டி, கொட்டி, மறுபடி செய்யவும். பசை போகிற வரை இரண்டு மூன்று முறை ஆகும். உருட்டும்போது போட்ட மூடியை மெதுவாகத் தளர்த்த வேண்டும். வெந்நீர்ச் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். சிலர் காஸ்டிக் சோடா போடுவார்கள். அது நன்றாக வெளுக்கும், கையையும் கண்ணையும் வெந்து போகவும் செய்யும். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது. துத்தநாகம் பூசிய பேரலிலும் அலுமினியத்திலும் காஸ்டிக் ஆகவே ஆகாது. அங்கே ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஒரு ஆபத்தைக் கழுவப் போய் இன்னொன்றை நிரப்பியதாகிவிடும்.

கழுவியானதும் பேரலைச் சமதரையில் நிமிர்த்தி வைத்து, வெட்டுகிற கோட்டுக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பவும். ஆவிக்கு இடமே இல்லாமல் செய்வதுதான் இதன் நோக்கம். 200 கிலோ பாரம் என்பதால் சரிவில் வைக்கக் கூடாது. திருகு மூடி இரண்டும் திறந்தே இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் இருந்தால்கூட மூடிய பேரலில் சூடு பட்டால் நீராவி அழுத்தம் ஏறும். இந்த நிலையில் மேல்தகட்டை, விளிம்பை ஒட்டி உட்புறமாக, உளியும் சுத்தியலும் வைத்து வெட்டி எடுக்கவும். அரை மணி நேர வேலை, சத்தம் அதிகம், பக்கத்துக் கடைக்காரர் முறைப்பார். பரவாயில்லை. தண்ணீர் நிறைந்த பேரலின் மேல் கரண்ட் கிரைண்டரை வைப்பது வெடியைத் தவிர்த்து ஷாக்கை வாங்குகிற காரியம்.

மேல்தகடு போய்விட்டால் அது அப்புறம் பேரல் இல்லை, வாய் திறந்த அண்டா. தண்ணீரைக் கொட்டி, உள்ளே எட்டிப் பார்த்து, அடிமடிப்பு வரை துணியால் துடைத்துக் காயவிடலாம். நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டுமானால் அதற்குப் பிறகுதான் கிரைண்டர் எடுக்க வேண்டும். மூடிய பேரலை நேரே நீளவாக்கில் அறுக்கப் போனால் தண்ணீர்ப் பாதுகாப்புக்கு வழியில்லை. வெட்டின வாயிலேயே தண்ணீர் ஓடிவிடும்.

கிரைண்டர் பிடிப்பவனுக்கும் நாலு வார்த்தை. நாலு அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றுகிறது. வட்டின் மேல் அச்சடித்த சுற்று எண்ணிக்கை மிஷினில் எழுதியதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஏழு அங்குல வட்டை மாட்டுகிறார்கள். அந்த வேகத்துக்கு அது செய்யப்பட்டதல்ல. சிதறினால் துண்டு வயிற்றில்தான் பாயும். பிசின் கட்டிய வட்டுகளின் நடுவளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்கிற நாம் இதில் பார்ப்பதில்லை. மெல்லிய தகட்டில் வட்டு சிக்கினால் மிஷின் பின்னோக்கி உதைக்கும். ஆகையால் இரண்டு கையாலும் பிடித்து, வட்டுக்கு நேரே நிற்காமல் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். முகத்துக்குக் கவசம், காலுக்கு மூடிய செருப்பு. கைலி, தோளில் துண்டு, கழுத்தில் தொங்குகிற கயிறு எதுவும் கூடாது. மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் வழியாகவே இணைப்புக் கொடுக்க வேண்டும். வெட்டிய விளிம்பு கத்தி போல நிற்கும். அதைத் தட்டி மடக்கவும், அல்லது பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டிவிடவும்.

விற்கும்போது

எங்கள் கடையில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பேரல் உள்ளே வரும் அன்றே அதில் வந்த சரக்கின் பெயரை வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதிவிடுவோம். பழைய லேபிளையும், தீ நாக்குப் படம் போட்ட சிவப்பு ஸ்டிக்கரையும் சுரண்டுவதில்லை. காலி பேரல் வெளியே போகும்போது, “கடலை எண்ணெய் இருந்த பேரல், கழுவாதது” என்று பில்லிலேயே எழுதுகிறோம். என்ன இருந்தது என்று தெரியாத பேரலைக் கலந்து வாங்குவதை நிறுத்திவிட்டோம். அப்படி ஏதாவது வந்து சேர்ந்தால், திருகு மூடியை இறுக்கி, வெயில் படாமல் தனியே வைத்து, வந்த வழியே திருப்பி அனுப்புகிறோம். எடுத்துக்கொள்ள மறுத்தால், பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிடாமல், நீராவி வசதி உள்ள இடத்தைத் தேடிச் சேர்க்கிறோம். வண்டி வாடகை நம் கைக்காசுதான்.

பட்டறைப் பையன் பின்னாளில் சொந்தமாக கிரில் கதவுப் பட்டறை வைத்தான். எங்கள் கடையிலிருந்து பேரல் போனால் பில்லை வாங்கிப் படித்துவிட்டு, மூடியைத் திறந்து தானும் ஒருமுறை முகர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே எடுப்பான்.